பதில்: முதலாளிக்கு பழைய சேலஞ்சர் 605 (தனியார் ஜெட் பிளேன்) வாங்க அட்வான்ஸ் குடுக்கலாமா?

சார், அட்வான்ஸ நேரா புரோக்கர் கணக்குல போடாதீங்க, எஸ்க்ரோல, அதாவது ரெண்டு பக்கத்துக்கும் பொதுவா மூணாவது ஆள் பணத்த வச்சிருக்கற கணக்குல போடுங்க, இன்ஸ்பெக்ஷன் முடிஞ்சு நம்ம கையெழுத்து போடற வரைக்கும் திரும்ப வாங்கலாம்னு எழுத்துல வாங்கிக்குங்க. 2008 மாடல்னு சொன்னீங்க, அதுல ஒரு விஷயம் இருக்கு, இந்த பிளேனுக்கு 96 மாசத்துக்கு ஒரு பெரிய சோதனை உண்டு, 2016ல ஒண்ணு, 2024ல ரெண்டாவது, அது முடிஞ்சிருக்கா, யாரு செஞ்சாங்க, பேப்பர் எங்கன்னு முதல்ல கேளுங்க, செலவு பெருசுங்கறதால அத செய்யாமலே வித்துடப் பாப்பாங்க.

நான் வளைகுடாவுல பதினோரு வருஷம் பிளேன் ரிப்பேர் பண்ற ஹேங்கர்ல வேல பாத்துட்டு இப்ப மன்னார்குடியில இருக்கேன். ஒரு பிளேன்ல சீட்டு லெதர் புதுசு, கார்ப்பெட் புதுசு, ஆனா டாய்லெட் பக்கம் தரைப்பலகைய கழட்டினா அலுமினியம் பூரா வெள்ளையா உப்புப் பூத்த மாதிரி பொடி, விரல் வச்சா உதிருது. அறுவடை மிஷினுக்கு பெயிண்ட் அடிச்சு விக்கறாங்கல்ல, அதே கதைதான். அதனால செக் பண்ற பட்டறைய நீங்க புடிங்க, விக்கறவன் சொல்ற இடம் வேணாம். இஞ்சினுக்கு போரோஸ்கோப், அதாவது சின்ன கேமரா குழாய உள்ள விட்டுப் பாக்கற சோதனை கட்டாயம். பராமரிப்பு எழுதற லாக்புக்ல ஒரு வருஷம் விட்டுப்போனாகூட விலைய அடிச்சுக் கேளுங்க.

திருச்சி ரன்வே தாராளமா போதும். சிங்கப்பூர், துபாய் நிக்காம போகும், லண்டன் நேரா போகாது, அத முதலாளிகிட்ட இப்பவே சொல்லிடுங்க. இறக்குமதிக்கு டிஜிசிஏ (நம்ம நாட்டு விமானத்துறை கட்டுப்பாட்டு அமைப்பு) பிளேனோட வயசு வரம்பு பாக்கும், பேரம் பேசறதுக்கு முன்னாடியே அதக் கேட்டுடுங்க.