பேத்தை வயிற்றில் நண்டு ஓடு: அந்த வியாபாரி சொன்னது சரியா?

கேள்வி: தொண்டிப் பக்கம் கடற்கரைக் கிராமம். அப்பாவும் அண்ணனும் ஃபைபர் படகில் போய் நண்டு வலை விடுகிறார்கள். நண்டோடு பேத்தை (உடலை ஊதிக்கொள்ளும் நச்சு மீன்), கிளாத்தி, கெளிறு, கீச்சான், பொடிக்காரல் எல்லாம் மாட்டும். உயிரோடு இருப்பதைக் கடலிலேயே விட்டுவிடுவார்கள். இப்போது சங்காயம் (தீவன ஆலைக்குப் போகும் கழிவு மீன்) வாங்க வரும் வியாபாரி ஒருவர், "இதெல்லாம் உங்க நண்டுக்குஞ்சைத் தின்னு அழிக்கிற மீன். திருப்பி விடாதீங்க, மொத்தமா எனக்குக் கொடுங்க" என்கிறார். ஒரு பேத்தையின் வயிற்றைக் கிழித்தும் காட்டினார். உள்ளே நண்டு ஓடு இருந்தது. அவர் சொல்வது சரியா?

பதில்: ஓடு இருந்தது உண்மைதான். அதை வைத்து அவர் சொன்ன கதைதான் தவறு.

பேத்தையின் வாயைப் பாருங்கள். மேலே இரண்டு, கீழே இரண்டு என நான்கு பல் ஒட்டி, கிளி அலகு போல இருக்கும். நண்டு, சிப்பி, நத்தை என்று ஓடுள்ளதை உடைத்துத் தின்பதற்கான வாய் அது. ஆகவே நண்டு தின்னாது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அந்தப் பேத்தை எங்கே பிடிபட்டது? நண்டு வலையில். இரவு முழுக்கக் கடலடியில் கிடக்கும் வலை. அதில் நண்டு சிக்கி அசைய முடியாமல் இருக்கிறது. பேத்தை வந்து அதைக் கடிக்கிறது, கடிக்கும்போது தானும் மாட்டிக்கொள்கிறது. கறிக்கடை வாசலில் நின்ற நாயைப் பிடித்து, ஊர் ஆட்டையெல்லாம் இதுதான் வேட்டையாடுகிறது என்பது போன்ற கதை இது. வலைக்குள் தின்றதை வைத்து, கடலில் அது தினமும் என்ன தின்கிறது என்று முடிவு கட்டக் கூடாது.

இன்னொன்று: புழு, சின்ன இறால், மீன் சதை போன்றவை வயிற்றில் சீக்கிரம் கரைந்துவிடும். நண்டு ஓடு கரையாமல் கிடக்கும். காலையில் வலையை இழுத்து, வெயிலில் கரைக்குக் கொண்டுவந்து, அப்புறம் கிழித்தால் ஓடு மட்டும்தான் கண்ணில் படும்.

மற்ற மீன்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பெரும்பாலான காரலுக்கு வாய் கீழ்நோக்கி நீளும். சேற்றில் இருக்கும் புழுவும் பொடி உயிர்களும்தான் இரை. வாய் மேல்நோக்கி நீளும் காரலும் உண்டு, அது நீரில் மிதக்கும் பொடி உயிர்களைத் தின்னும். இரண்டும் உங்கள் நண்டைத் தொடப்போவதில்லை. பெரிய மீன்களுக்கே காரல்தான் தீனி. கீச்சான் சிறு இறால், சிறு மீன் தின்னும். மற்ற மீன்களின் செதிலைக் கடித்துப் பிடுங்கித் தின்னும் வினோதப் பழக்கமும் அதற்கு உண்டு. கெளிறு அடியில் கிடப்பதைப் பொறுக்கும் மீன். ஆண் கெளிறு முட்டைகளை வாயிலேயே வைத்து அடைகாக்கும், அந்த நாட்களில் இரையே எடுக்காது. வயிறு காலியாக, வாயில் கோலிக்குண்டு அளவு முட்டையோடு ஒன்று வந்தால் முள்ளில் படாமல் எடுத்து உடனே தண்ணீரில் விடச் சொல்லுங்கள்.

நண்டுக்குஞ்சை அதிகம் தின்பவர் பட்டியலில் வியாபாரி சொல்லாமல் விட்ட ஒரு பெயர் உண்டு: நண்டு! நீலக்கால் நண்டு தன் இனத்தையே தின்னும், செத்த மீனையும் தின்னும். கடலில் வீசப்படும் செத்த மீனில் ஒரு பங்கு நண்டுக்கே போகிறது. நண்டு குறைகிறது என்று உண்மையாகவே கவலைப்படுபவர் சினை நண்டைப் பற்றிப் பேசியிருப்பார். ஒரு சினை நண்டு லட்சக்கணக்கில் முட்டை சுமக்கிறது. அதை விடுங்கள் என்று எந்த வியாபாரியாவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா?

அவருக்கு வேண்டியது எடை. சங்காயம் மீன் மாவு ஆலைக்கும் கோழித்தீவனத்துக்கும் போகிறது. விசைப்படகு வரத்து குறையும் நாட்களில் ஆலைக்குச் சரக்கு வேண்டும். சிறு படகுகளை நோக்கி அப்போதுதான் இந்த 'விஞ்ஞானம்' வருகிறது. ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு 2019இல் வெளியிட்ட கணக்கின்படி, உலகில் ஆண்டுக்குச் சுமார் 91 லட்சம் டன் மீன் கடலில் வீசப்படுகிறது. அதில் கிட்டத்தட்டப் பாதி, அடிமடி இழுவை வலையின் வேலை. நம் கரையில் கணக்கெடுப்பவர்கள் கரைக்கு வந்த மீனை எழுதுகிறார்கள். நண்டு வலைக்காரர் எதை, எவ்வளவு, உயிரோடா செத்தா திருப்பி விட்டார் என்று கேட்க ஆள் கிடையாது. அறிக்கை எழுதவும் பயிலரங்கு நடத்தவும் மட்டும் ஆள் உண்டு. அந்த வெற்றிடத்தில்தான் இப்படிப்பட்ட வியாபாரிகள் நிபுணராகிறார்கள்.

சரி, செத்துப்போன காரலையும் கீச்சானையும் விற்கலாமா? தாராளமாக விற்கலாம், கருவாடும் போடலாம். பேத்தை மட்டும் கூடாது. இதை விளக்கமாகவே சொல்ல வேண்டும்.

பேத்தையின் நஞ்சுக்கும் அதன் தீனிக்கும் தொடர்பு உண்டு. சில கடல் பாக்டீரியாக்கள் உண்டாக்கும் நஞ்சு, சிறு உயிர்கள் வழியாக இரையோடு வந்து பேத்தையின் உடலில் சேர்கிறது. ஜப்பானில் நஞ்சில்லாத தீனி போட்டு வளர்க்கும் பேத்தையில் நஞ்சு இருப்பதில்லை. ஆனால் நம் வலையில் வருவது எதைத் தின்று வந்தது என்று யாருக்குத் தெரியும்? ஈரல், சினை, தோல் ஆகியவற்றில் நஞ்சு அதிகம். சில இனங்களில் சதையிலும் உண்டு. போன வாரம் தின்றவருக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதால் இந்த வாரப் பேத்தை நல்லதாகிவிடாது. சமையல் சூட்டுக்கு இந்த நஞ்சு அழியாது, காயவைத்தாலும் நம்ப முடியாது. முறிவு மருந்தும் கிடையாது. உதடு, நாக்கு, விரல் மரத்தால் கை வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல், செயற்கைச் சுவாச வசதி உள்ள ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். தலையும் தோலும் எடுத்துவிட்டால் பேத்தையும் கிளாத்தியும் வெள்ளைச் சதைதான், வித்தியாசம் தெரியாது. ஆகவே "உரிச்சுக் கொடுங்க, கூட விலை தர்றேன்" என்று ஒருவர் கேட்டால் அது எங்கே போகிறது என்று யோசியுங்கள். பூனைக்கும் கோழிக்கும்கூடப் போடாதீர்கள்.

உயிருள்ள பேத்தையை விடும்போது ஊதவிடாமல் தண்ணீருக்குள்ளேயே வைத்து வலையிலிருந்து கழற்றினால் நல்லது. காற்றை விழுங்கி ஊதிவிட்டால் மேலேயே மிதந்து கடற்பறவைக்கு இரையாகும். கடல்குதிரை சிக்கினால் எந்த விலைக்கும் விற்க வேண்டாம்; 2001 முதல் அது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் இருக்கிறது. பிடிபட்டால் வழக்கு வாங்கியவர்மேல் மட்டுமல்ல, விற்ற வலைக்காரர்மேலும் வரும்.

அந்தச் சங்காய வியாபாரியிடம் முன்பணம் வாங்கினீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. வாங்கியிருந்தால், நண்டையும் அவருக்கே போட வேண்டுமா என்று இப்போதே வெளிப்படையாகக் கேட்டுவிடுங்கள். ஆமாம் என்றால், கடன்பட்டாவது அந்தப் பணத்தைத் திருப்பிக் கொடுப்பது லாபம்.