தோட்டத்துச் சுடுகாட்டுக் கல்லிலிருந்து சொந்த ஊரைக் கண்டுபிடிக்க முடியுமா?

வாசகர் கேள்வி – பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் மலேசியாவுக்குத் தோட்ட வேலைக்கு வந்த நம் குடும்பங்களின் வேர் தேடுவது பற்றியவைதான் அதிகம். அவற்றில் நான்கை எடுத்துக்கொண்டேன். முதல் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் என் அப்பாவின் தாத்தா அடக்கமாகியிருக்கிறார். இப்போது அங்கே ரப்பர் இல்லை, எல்லாம் செம்பனை (எண்ணெய்ப்பனை). சிமெண்டுக் கல்லில் அவர் பெயரும், ‘சித்திரபானு வருஷம் ஆவணி’ என்பதும், ‘திருச்சி ஜில்லா’ என்பதும் தெரிகின்றன. அதற்குக் கீழே உதிர்ந்துவிட்டது. ஊரைக் கண்டுபிடிக்க வழி உண்டா? – வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: உண்டு அம்மா. ஆனால் ஊரை நேரே தேடாதீர்கள், முதலில் தேதியைப் பிடியுங்கள். சித்திரபானு அறுபது வருஷத்துக்கு ஒரு முறை வரும். 1882-ல் அந்த வட்டாரத்தில் ரப்பர்த் தோட்டமே கிடையாது, 2002 நம் கண் முன்னால் போனது, ஆக உங்கள் பூட்டனார் தவறியது 1942 ஆகஸ்ட் நடுவிலிருந்து செப்டம்பர் நடுவுக்குள். சரி, வீட்டில் அவருக்குத் திவசம் கொடுக்கும் வழக்கம் இருந்ததா? உங்கள் அத்தைமார்களைக் கேளுங்கள். வருஷம் மறந்துபோன வீடுகளில்கூடத் திதி மறப்பதில்லை. உதாரணத்துக்கு, தேய்பிறை சப்தமி என்று அவர்கள் சொன்னால், அந்த வருஷத்து ஆவணியில் அது செப்டம்பர் முதல் வாரத்துக்குள் வந்துவிடும், பழைய பஞ்சாங்கம் வைத்திருப்பவரிடம் கேட்டால் சரியான தேதியையே சொல்லிவிடுவார்.

தேதி கையில் இருந்தால் தேசியப் பதிவு இலாகாவில் இறப்புப் பதிவைத் தேடச் சொல்லிக் கேட்கலாம். இரண்டு விஷயம் மனதில் இருக்கட்டும். அது ஜப்பான்காரன் ஆண்ட காலம், அப்போதைய காகிதங்களில் 1942 என்று இருக்காது, ஜப்பானிய ஆண்டுக் கணக்கில் 2602 என்று இருக்கும், அதில் 660-ஐக் கழித்தால் நம் கணக்கு வந்துவிடும். அப்புறம் பெயர். தோட்டத்துக் கிராணி (குமாஸ்தா) காதில் விழுந்ததை இங்கிலீஷில் எழுதினார், ழகரமும் ளகரமும் லகரமும் ஒரே எழுத்தாகிவிடும், பழனியாண்டி பலனியாண்டி ஆகியிருப்பார், சின்னசாமியைச் சகரத்தில் தேடினால் கிடைக்காமல் ஸகரத்தில் கிடைப்பார். அதனால் பெயரை நாலைந்து விதமாக எழுதி, அப்பா பெயரோடு சேர்த்துக் கொடுங்கள். பதிவு கிடைத்தால் வயதையும் சாவுக்கான காரணத்தையும் மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடாதீர்கள், தகவல் கொடுத்தவர் யார் என்று பாருங்கள், அது பங்காளியாகவோ, ஊரிலிருந்து ஆள் சேர்த்துக் கூட்டி வந்த கங்காணியாகவோ இருந்தால் அதுதான் உங்களுக்கு வேண்டிய நூல் நுனி. யுத்த காலத்தில் பதிவாகாமலே போன சாவுகளும் உண்டு, எனவே கிடைக்காவிட்டால் மனம் விட வேண்டாம்.

இனி ஊர். கல்லில் உள்ள ‘திருச்சி ஜில்லா’ இன்றைய திருச்சி மாவட்டம் இல்லை. 1995-ல் அதைப் பிரித்துத்தான் கரூரும் பெரம்பலூரும் தனி மாவட்டங்களாயின, அரியலூர் அதற்கும் பிறகு. இதே மாதிரி சேலம் ஜில்லா என்று இருந்தால் நாமக்கல்லும் அதற்குள் அடக்கம், தென் ஆற்காடு என்றால் இன்றைய கடலூர், விழுப்புரம் பக்கம். எனவே தேடும் பரப்பைக் குறைக்க வேண்டும், அதற்குப் பக்கத்துக் கல்லறைகளைப் படியுங்கள். இதைத்தான் பலரும் செய்வதில்லை. கங்காணிகள் தங்கள் ஊரிலும் சுற்றுப்பட்டு கிராமங்களிலும்தான் ஆள் கட்டினார்கள், 1938-ல் இந்திய அரசு தடை போடும்வரை அப்படித்தான் நடந்தது. ஒரே கங்காணியோடு வந்தவர்கள் ஒரே லயத்தில் (தொழிலாளர் வீட்டு வரிசையில்) இருந்தார்கள், ஒருவருக்கொருவர் பெண் கொடுத்துப் பெண் எடுத்தார்கள், செத்த பிறகும் அக்கம்பக்கமாகவே படுத்திருப்பார்கள். உங்கள் பூட்டனார் கல்லில் உதிர்ந்துபோன ஊர்ப்பெயர் நாலு கல் தள்ளி முழுசாக இருக்க வாய்ப்பு நிறைய.

உதிர்ந்த எழுத்தையும் விட்டுவிடாதீர்கள். ஈரச் சிமெண்டில் ஆணியாலோ குச்சியாலோ கீறிய எழுத்து அது, மேலிருந்து வெயில் அடிக்கும்போது ஒன்றும் தெரியாது, காலை ஏழரை எட்டு மணிக்குச் சாய்ந்த வெளிச்சத்தில் போனால் கீறல்களில் நிழல் விழுந்து எழுத்து எழும்பி வரும், அல்லது கல்லுக்கு ஒட்டினாற்போல் பக்கத்திலிருந்து டார்ச் அடித்துப் படம் எடுங்கள். பாசியைத் தண்ணீரும் மெல்லிய பிரஷ்ஷும் கொண்டு எடுங்கள், கம்பி பிரஷ்ஷும் ஆசிட்டும் வேண்டவே வேண்டாம், மிச்சமிருக்கும் எழுத்தும் போய்விடும். தோட்ட ஆபீசில் சொல்லிவிட்டு, வழி தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள், தனியாகப் போக வேண்டாம்.

கேள்வி: எங்கள் தாத்தாவின் கல்லறை இப்போதைய தோட்டச் சுடுகாட்டில் இல்லவே இல்லை. அதே தோட்டத்தில்தான் யுத்தத்துக்கு முன்னால் இறந்தார் என்கிறார்கள். – வாசகர், கோலகங்சார்

பதில்: எந்த டிவிஷன் (தோட்டப் பிரிவு), எந்த லயம் என்று முதலில் விசாரியுங்கள் தம்பி. 1948 ஜூனில் சுங்கை சிப்புட்டில் மூன்று வெள்ளைக்காரர்கள் சுட்டுக் கொல்லப்பட்டு கம்யூனிஸ்ட் கெரில்லாக்களுக்கு எதிராக அவசரகாலம் வந்தது இல்லையா, அதற்குப் பிறகு காட்டோரமாகச் சிதறிக் கிடந்த லயங்களைக் கலைத்து ஜனங்களை முள்வேலிக்குள் ஒன்றாகக் குடிவைத்தார்கள். பழைய லயத்தோடு பழைய சுடுகாடும் கைவிடப்பட்டிருக்கலாம். எழுபது எண்பது வயதுக்காரர்கள் யாராவது ஆற்றோரம், பழைய ஆலமரம், கோயில் மேடு என்று அடையாளம் சொல்வார்கள். இன்றைக்கே போய்க் கேளுங்கள்.

கேள்வி: பாட்டியைத் தகனம் செய்து சாம்பலை ஆற்றில் கரைத்துவிட்டார்கள். கல்லறையே இல்லாதபோது எதை வைத்துத் தேடுவது? அறுபதுகளில் இறந்தார் என்பது மட்டும் தெரியும். – வாசகி, தைப்பிங்

பதில்: வீட்டில் பழைய சாவு போட்டோ இருக்கிறதா பாருங்கள். பெட்டியைச் சுற்றிப் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், சம்பந்திகள் எல்லாரும் நிற்க ஒரு படம் எடுக்கும் பழக்கம் நம் வீடுகளில் இருந்தது. அதன் பின்பக்கம் ஸ்டூடியோ முத்திரை இருக்கும், பல சமயம் தேதியும் இருக்கும். நிற்பவர்கள் யார் யார் என்று பெரியவர்களிடம் கேட்டு இப்போதே எழுதி வையுங்கள். கருமாதிப் பத்திரிகை அச்சடித்திருந்தால் அதுவும் நல்ல சான்று. செய்தித்தாள் விளம்பரம் இன்னொரு வழி. 1924-ல் தொடங்கி 2019 வரை வந்த தமிழ் நேசனில் மரண அறிவிப்பும் நினைவஞ்சலியும் வரும், அதில் பிள்ளைகள் பெயர், மருமக்கள் பெயர், தோட்டத்தின் பெயர் எல்லாம் போடுவார்கள். சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் இணையத் தளத்தில் தமிழ் முரசு பழைய இதழ்கள் இருக்கின்றன, வீட்டிலிருந்தே பார்க்கலாம். 1948-க்குப் பிறகு இறந்தவர் என்பதால் அடையாள அட்டை இருந்திருக்கும், அந்த எண் கிடைத்தால் பதிவிலாகாவில் வேலை சுலபம்.

கத்தோலிக்கராக உள்ள வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: பங்குக் கோயிலின் அடக்கப் பதிவேட்டோடு ஞானஸ்நானப் பதிவேட்டையும் கேளுங்கள், பெற்றோர் பெயரும் ஞானப் பெற்றோர் பெயரும் அதில்தான் இருக்கும். பழையவை லத்தீனில் இருக்கலாம், சாமியாரே படித்துச் சொல்வார்.

கேள்வி: என் பெரிய தாத்தாவை யுத்த காலத்தில் ஜப்பான்காரர்கள் சயாம் (தாய்லாந்து)–பர்மா ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போனார்கள், திரும்பவில்லை. காஞ்சனபுரிக் கல்லறைத் தோட்டத்தில் பெயர் இருக்குமா? – வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: இருக்காது ஐயா. அங்கே பெயரோடு வரிசையாக இருப்பவை நேச நாட்டுப் போர்க்கைதிகளின் கல்லறைகள். 415 கிலோமீட்டர் தண்டவாளம் போட்ட நம் ஜனங்கள் காலராவிலும் மலேரியாவிலும் கூட்டம் கூட்டமாகச் செத்தார்கள், அவர்களுக்கு ஆளுக்கொரு குழியோ கல்லோ கிடைக்கவில்லை. இதை எழுதும்போதே வயிறு எரிகிறது. நீங்கள் செய்யக்கூடியது, அவர் பெயர், தகப்பனார் பெயர், எந்தத் தோட்டம், எந்த மாதம் கொண்டுபோனார்கள், கூடப் போனவர்கள் யார், அவர்களில் திரும்பி வந்தவர்கள் யார் என்பதையெல்லாம் எழுதி வைப்பது. திரும்பி வந்தவரின் பிள்ளைகளைத் தேடிப் போங்கள். எந்த முகாமில் இருந்தார்கள், யார் எப்போது விழுந்தார்கள் என்று அப்பா சொல்லிக் கேட்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

முதல் கடிதம் எழுதிய அம்மாவுக்கு இன்னொன்று. கல்லறைக்குப் போகும்போது உங்கள் ஒரு கல்லை மட்டும் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடாதீர்கள், நிற்கிற கல் எல்லாவற்றையும் எடுங்கள். கல் இல்லாத மேடுகளை ஒரு தாளில் வரைந்து, யாருடையது என்று பெரியவர்கள் சொல்வதைப் பக்கத்தில் எழுதுங்கள். தோட்டம் கைமாறினால் அந்தத் தாளை வைத்துத்தான் உள்ளூராட்சி மன்றத்திடமும் புது முதலாளியிடமும் பேச முடியும். ஒரு நகலைத் தோட்டக் கோயில் நிர்வாகத்திடமும் இன்னொன்றைத் தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியரிடமும் கொடுத்து வையுங்கள்.