புதுக் கண்ணாடியில் நீர்க் கசிவு: சிலிக்கோனுக்குச் சம்மதிக்காதீர்கள்

கேள்வி: காரின் முன்கண்ணாடியை மாற்றி இரண்டு நாள் ஆகிறது. மாற்றிய அன்று மாலையே நல்ல மழை. இப்போது இடப்பக்க மேல் மூலையில் லேசாக நீர் கசிகிறது. மழையில் நனைந்ததால் பசை கெட்டுவிட்டது, சிலிக்கோன் வைத்து அடைத்துத் தருகிறோம் என்கிறார்கள் கடையில். சரியா? ஓரத்து டேப்பைப் பிரிக்கலாமா? வண்டியை எப்போது கழுவலாம்?

பதில்: மழை மேல் பழி போடுவது தவறு. முன்கண்ணாடியை ஒட்டும் பாலியூரித்தேன் பசை, காற்றிலுள்ள ஈரத்தை எடுத்துக்கொண்டுதான் இறுகுகிறது. வெளிப்புறத்தில் தொடங்கி உள்நோக்கி, ஒரு நாளைக்கு ஏறத்தாழ 3 முதல் 4 மில்லிமீட்டர் வரை கெட்டியாகும். குளிரும் வறண்ட காற்றும்தான் அதைத் தாமதப்படுத்தும். சாதாரண மழை ஒன்றும் செய்யாது.

அப்படியானால் கசிவு எதனால்? பெரும்பாலும் பொருத்தியவரின் அவசரம். பசையை இடைவெளி விடாமல் ஒரே வரியாக இழுத்திருக்க வேண்டும். மூலைகளில்தான் அந்த வரி அறுந்துபோகும். பழைய பசையை 1 முதல் 2 மில்லிமீட்டர் விட்டுச் சீவி, அதன் மேல் புதுப் பசை வைக்க வேண்டும். சீவும்போது காரின் தகடு கீறினால் அங்கே பிரைமர் என்னும் அடிப்பூச்சைத் தடவ வேண்டும். கண்ணாடியின் கறுப்பு ஓரத்தைத் துடைத்த பிறகு வெறுங்கையால் தொடக்கூடாது. கையின் எண்ணெய்ப் பசை பட்ட இடத்தில் ஒட்டாது. இதில் ஏதாவது ஒன்று தவறியிருக்கும்.

சிலிக்கோனுக்கு ஒருபோதும் சம்மதிக்காதீர்கள். அது கசிவைச் சில வாரம் மறைக்கும். உள்ளே புகுந்த நீர் தகட்டில் தங்கித் துருப்பிடிக்கும், வெளியே தெரியாது. பிறகு முறையாகச் சரிசெய்ய நினைத்தாலும் சிலிக்கோன் பட்ட இடத்தில் பாலியூரித்தேன் பசை ஒட்டாது. இது ஈரம் சம்பந்தப்பட்ட விஷயம் மட்டுமல்ல. விபத்தில் பயணி ஏர்பேக் பல கார்களில் முன்கண்ணாடியில் மோதித்தான் விரிகிறது. வண்டி உருண்டால் கூரையைத் தாங்குவதிலும் அந்தக் கண்ணாடிக்குப் பங்கு உண்டு. பிடிப்பில்லாத கண்ணாடி பிய்த்துக்கொண்டு போய்விடும்.

கடைக்காரரை உங்கள் எதிரிலேயே சோதிக்கச் சொல்லுங்கள். அழுத்தமில்லாமல் குழாய்நீரை விட வேண்டும், கீழ் ஓரத்தில் தொடங்கி மெல்ல மேலே. உள்ளே ஒருவர் டார்ச்சுடன் பார்க்க வேண்டும். மேலிருந்து ஊற்றினால் எங்கே நுழைகிறது என்றே தெரியாது. சன்ரூஃப் இருந்தால் அதன் வடிகுழாய் அடைத்திருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்; அந்த நீரும் இதே மூலையில்தான் இறங்கும். கசிவு ஒரே இடத்தில் என்றால் அங்கே சீவி, துடைத்து, பிரைமர் போட்டுப் புதுப் பசை வைக்கலாம். இரண்டு மூன்று இடம் என்றால் கண்ணாடியை எடுத்து மறுபடி பொருத்துவதே வழி.

டேப்பை இப்போது பிரிக்கலாம். 24 மணி நேரம் போதும். கையால் கழுவுவதற்கு 48 மணி நேரம் கழிய வேண்டும். ஆனால் கசிவு சரியாகும்வரை நீங்கள் கழுவ வேண்டாம். பிரஷர் கன்னை ஒரு வாரத்துக்கு ஓரங்களின் பக்கம் கொண்டுபோகாதீர்கள். மறுபடி பொருத்தினால் முதல் நாள் ஒரு ஜன்னலை விரலளவு திறந்து வையுங்கள்: எல்லாம் மூடிய காரில் கதவை அறைந்து சாத்தினால் உள்காற்று கண்ணாடியை வெளியே தள்ளும். எப்போது ஓட்டலாம் என்பதைப் பசைத் தயாரிப்பாளரின் தாள்தான் சொல்ல வேண்டும். சில பசைக்கு ஒரு மணி நேரம், சிலவற்றுக்கு ஒரு நாள்கூட ஆகும். பசைக் குழலின் பெயரையும் காலாவதித் தேதியையும் கேட்டு வாங்குங்கள்.

ஒரு விதிவிலக்கு. சில பழைய கார்களிலும் லாரி, வேன்களிலும் கண்ணாடி பசையில் நிற்பதில்லை, தடித்த ரப்பர் பீடிங்கின் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும். அவற்றுக்கு இந்த 24, 48 மணிக் கணக்கு கிடையாது; பொருத்திய உடனே ஓட்டலாம். அங்கே கசிந்தால் ரப்பர் வெடித்திருக்கிறதா, மூலையில் முறுக்கிக்கொண்டதா, தகட்டு விளிம்பு வளைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ரப்பருக்கும் கண்ணாடிக்கும் இடையே இறுகாத சீலன்ட் வைப்பதும் உண்டு, அது முறைதான். உங்களுடையது எது என்று அறிய ஓரத்தைப் பாருங்கள். உள்ளேயும் வெளியேயும் தடித்த ரப்பர் கண்ணாடியைக் கவ்வியிருந்தால் இந்த வகை. கண்ணாடியில் கறுப்பு ஓரம் அச்சிட்டு, மெல்லிய பட்டை மட்டும் இருந்தால் பசை வகை. நீங்கள் டேப் பற்றிக் கேட்பதால் உங்களுடையது பசை வகையாகவே இருக்கும்.

காப்பீட்டு க்ளெய்ம் வாங்கித் தருகிறேன் என்று இடையில் வரும் ஆளிடம் வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். பில்லில் எழுதிய கண்ணாடியும், மூலையில் பொறித்த குறியும் ஒன்றா என்று ஒப்பிடுங்கள். கண்ணாடிக்குப் பின்னால் கேமரா இருந்தால், அதன் பார்வையை மறுபடி சரிசெய்யும் அளவுத்திருத்தம் செய்த அறிக்கையைக் கேளுங்கள். செய்யாமலே பில்லில் மட்டும் அதை எழுதுவதும் உண்டு. உடைந்த கண்ணாடிக்குக் கோணம் கோணமாகப் படம் கேட்கும் காப்பீட்டுக்காரர்கள், எந்தப் பசை போட்டார்கள் என்று ஒரு கேள்வி கேட்பதில்லை. அந்த ஒரு கேள்வியைக் கட்டாயமாக்கினாலே பாதிக் கசிவு நின்றுவிடும்.

கடைக்குப் போகும்முன் இடப்பக்கத் தரைவிரிப்பைத் தூக்கி, அடியிலுள்ள பஞ்சை அழுத்திப் பாருங்கள். ஈரமிருந்தால் முழுவதும் உலர்த்தியாக வேண்டும். அதன் கீழேதான் வயர் இணைப்புகள் ஓடுகின்றன. அந்தச் செலவையும் பொருத்தியவரிடமே எழுத்தில் கேளுங்கள்.