தத்தெடுத்த பின் நின்றுபோன நான்காயிரம் ரூபாய்

கேள்வி: கும்பகோணம் மாநகராட்சிப் பகுதியில் வசிக்கிறோம். எட்டு வயதில் பெற்றோரை இழந்து, அண்ணனோடு அரசு அங்கீகாரம் பெற்ற குழந்தைகள் இல்லத்தில் வளர்ந்த ஒரு சிறுமியைப் பன்னிரண்டாம் வயதில் வளர்ப்புப் பராமரிப்புக்கு ஏற்றோம். அப்போது அவளுக்காக மாதம் 4,000 ரூபாய் வந்துகொண்டிருந்தது. சென்ற ஆண்டு, அவளுக்குப் பதினைந்து வயதானபோது, மாவட்ட ஆட்சியரின் ஆணை பெற்று முறைப்படி தத்தெடுத்தோம். அத்துடன் அந்தத் தொகை நின்றுவிட்டது. ஏழு மாதங்களுக்கு முன் அரிசி ஆலையில் நேர்ந்த விபத்தில் என் கணவரின் வலது கை செயலிழந்துவிட்டது. இப்போது என் தையல் வருமானம் மாதம் ஏழாயிரம் ரூபாயில்தான் வீடு நடக்கிறது. மகள் அரசுப் பள்ளியில் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். தொகையை நிறுத்தியது சரியா? வளர்ந்த பிள்ளையைத் தத்தெடுத்தவர்களுக்கு அரசு உதவி எதுவும் இல்லையா? மெட்ரிக் பள்ளிக்கு மாற்றினால் செலவை ஏற்பதாக உறவினர் ஒருவர் சொல்கிறார், மாற்றலாமா? சென்ற மாதம் பதினெட்டு வயது நிறைந்த அவள் அண்ணனையும் தத்தெடுக்க முடியுமா?

பதில்: சகோதரி, உங்கள் முதல் கேள்விக்கு நீங்கள் எதிர்பார்க்கும் பதிலைச் சொல்ல இயலவில்லை. தொகையை நிறுத்தியது சட்டப்படி சரியே. இளைஞர் நீதி (குழந்தைகள் பராமரிப்பு மற்றும் பாதுகாப்பு) சட்டம், 2015-இன் 44-ஆம் பிரிவின்படி வளர்ப்புப் பராமரிப்பில் இருக்கும் குழந்தை, உங்கள் வீட்டில் உண்டு உறங்கினாலும், அரசின் பொறுப்பில் உள்ள குழந்தைதான். அந்தப் பொறுப்பின் செலவாகவே மாதத் தொகை தரப்பட்டது. தத்தெடுப்பு ஆணை நடைமுறைக்கு வந்த நாள் முதல், அதே சட்டத்தின் 63-ஆம் பிரிவின்படி, அவள் உங்களுக்கே பிறந்த மகளாகக் கருதப்படுகிறாள். வாரிசுரிமை உட்பட எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். நம் சட்டம் தத்துப்பிள்ளைக்கும் பெற்ற பிள்ளைக்கும் இடையே எந்த வேறுபாடும் வைக்காததால், தத்துப்பிள்ளை என்பதற்காகத் தனியே உதவித்தொகை எதையும் வைக்கவில்லை. அமெரிக்காவில் வயதில் மூத்த பிள்ளைகளைத் தத்தெடுப்பவர்களுக்கு மாத உதவி உண்டு; பதினாறு வயதுக்குப் பின் உதவி ஒப்பந்தம் ஏற்பட்டிருந்தால் இருபத்தொரு வயது வரை மாநிலங்கள் அதைத் தொடர 2008-ஆம் ஆண்டுச் சட்டம் வழிவிடுகிறது. கைக்குழந்தைக்காக ஆண்டுக்கணக்கில் பெற்றோர் காத்திருக்க, பத்து வயதைக் கடந்த பிள்ளைகள் இல்லங்களிலேயே வளர்ந்து வெளியேறும் நம் நாட்டில் அப்படியொரு ஏற்பாடு இல்லாதது பெருங்குறை என்பதே என் கருத்து. ஆனால் அந்தக் குறையை உங்கள் மனுவில் எழுதுவதால் பயன் எதுவும் இல்லை.

எனவே, "தத்தெடுத்தவர்களுக்கு என்ன உண்டு?" என்று கேட்பதை விட்டுவிட்டு, "என் மகளுக்கு என்ன உண்டு?" என்று கேளுங்கள். அப்படிக் கேட்டால் சில கதவுகள் திறந்தே இருக்கின்றன.

முதலாவது, உங்கள் கணவரின் விபத்து. இளைஞர் நீதிச் சட்டத்தின் 45-ஆம் பிரிவு, பெற்றோர் விபத்தினால் முடங்கிப் பிள்ளையைப் பொருளாதார ரீதியாகவும் உடல் ரீதியாகவும் கவனிக்க இயலாத நிலையில், அந்தக் குடும்பத்துக்கு நிதி ஆதரவு வழங்கலாம் என்கிறது. மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் இதற்கு மாதம் 4,000 ரூபாய் வழங்கப்படுகிறது. குடும்ப ஆண்டு வருமானம் கிராமப்புறத்தில் 72,000 ரூபாய்க்கும், பிற இடங்களில் 96,000 ரூபாய்க்கும் மிகாமல் இருக்க வேண்டும். உங்கள் வருமானம் ஆண்டுக்கு 84,000 ரூபாய். நீங்கள் மாநகராட்சி எல்லைக்குள் இருப்பதால் வரம்புக்குள் வருகிறீர்கள். தொகை பழையதேபோல் இருந்தாலும் அதற்கான சட்டப்பிரிவும் காரணமும் வேறு. ஆகவே, "நிறுத்திய தொகையை மீண்டும் தருக" என்று மனு எழுதாதீர்கள். எழுதினால், தத்தெடுப்பு ஆணையைக் காட்டி ஒரே வரியில் நிராகரித்துவிடுவார்கள். தந்தை விபத்தில் முடங்கியதால் 45-ஆம் பிரிவின்படி புதிதாக நிதி ஆதரவு கோருவதாக மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலரிடம் மனுக் கொடுங்கள்.

அந்த மனு பெரும்பாலும் எங்கே அடிபடும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். தத்தெடுப்புக்கு முன் உங்கள் வீட்டைப் பார்வையிட்டு அறிக்கை தயாரித்தபோது, கணவர் சம்பாதித்த காலத்து வருமானச் சான்றிதழ் கோப்பில் சேர்ந்திருக்கும். அதே அலுவலகம் அதே கோப்பை எடுத்துப் பார்த்தால், நீங்கள் வரம்பைத் தாண்டியவர்களாகவே தெரிவீர்கள். எனவே இ-சேவை மையம் வழியாகப் புதிய வருமானச் சான்றிதழ் பெற்று, அதனுடன் அரசு மருத்துவமனை தரும் மாற்றுத்திறன் சதவீதச் சான்றையும், விபத்துக்கு முன்னும் பின்னும் குடும்ப வருமானம் எவ்வளவு என்ற உங்கள் கையெழுத்திட்ட விளக்கத்தையும் இணையுங்கள். தத்தெடுப்புக்குப் பின் இரண்டு ஆண்டுகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை பிள்ளையின் நலன் குறித்துத் தொடர் கண்காணிப்பு அறிக்கை எழுதப்பட வேண்டும் என்பது விதி. உங்களுக்கு இன்னும் அந்தக் காலம் முடியவில்லை. அடுத்த முறை வரும் சமூகப் பணியாளரிடம், பிள்ளையைத் திரும்ப எடுத்துக்கொள்வார்களோ என்ற அச்சத்தில் கஷ்டத்தை மறைக்காதீர்கள். வருமானம் குறைந்துவிட்டது என்பதற்காகத் தத்தெடுப்பு ரத்தாகாது. மாறாக, அவர் அறிக்கையில் எழுதும் இரண்டு வரிகள் உங்கள் மனுவுக்குப் பலமான சான்றாகும். மனுவுக்கு ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். பதில் வராவிட்டால் திங்கட்கிழமை மக்கள் குறைதீர் நாளில் அந்த ஒப்புகையின் நகலோடு ஆட்சியரிடம் கொடுங்கள்.

இதனோடு இன்னொன்றை நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆலையில் வேலை நேரத்தில் நேர்ந்த விபத்து என்றால், கணவர் இஎஸ்ஐ எனும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டத்தில் பதிவானவரா என்று உடனே பாருங்கள். பதிவாகியிருந்தால் இயலாமைக்கான பணப்பயன் அங்கே கிடைக்கும். பதிவாகாதவர் எனில் ஆலை உரிமையாளரிடம் இழப்பீடு கோரலாம். இதற்கு முன்பிருந்த 1923-ஆம் ஆண்டு ஊழியர் இழப்பீட்டுச் சட்டத்தின் இடத்தில் 2025 நவம்பர் முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, 2020 நடைமுறையில் உள்ளது; கோரிக்கையைத் தாக்கல் செய்யக் காலவரம்பு உண்டு. ஏழு மாதங்கள் போய்விட்டன.

அடுத்து, பள்ளி மாற்றம். இதில் என் கருத்து உறுதியானது: மாற்றாதீர்கள். உறவினரின் நல்லெண்ணத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு என்று தமிழ்நாடு வைத்திருக்கும் சலுகைகள், இடையில் ஓர் ஆண்டு தனியார் பள்ளிக்குப் போனாலும் கைநழுவிவிடும். மருத்துவ இடங்களில் 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டை 2020-ஆம் ஆண்டுச் சட்டம் தந்தது. பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளுக்கு 2021-ஆம் ஆண்டுச் சட்டம் அதையே தந்தது. இந்த ஒதுக்கீட்டில் இடம் பெறுவோரின் கல்விக் கட்டணத்தை அரசே ஏற்கிறது. இவை தவிர, 2022-இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில், கல்லூரி, பாலிடெக்னிக் அல்லது ஐடிஐ படிப்பு முடியும் வரை மாதம் 1,000 ரூபாய் மாணவியின் வங்கிக் கணக்கில் நேரடியாகச் செலுத்தப்படுகிறது. இந்தச் சலுகைகள் எதற்கும் அவள் தத்தெடுக்கப்பட்டவளா, பெற்ற மகளா என்பது பொருட்டல்ல. எந்தப் பள்ளியில் படித்தாள் என்பது மட்டுமே கேள்வி. இப்போது மெட்ரிக் பள்ளிக்கு ஆகும் இரண்டு ஆண்டுச் செலவை உறவினர் ஏற்கலாம். அதனால் இழக்கப்போகும் நான்கு அல்லது ஐந்து ஆண்டுக் கல்லூரிச் செலவை யார் ஏற்பது?

இதில் நீங்கள் சரிபார்க்க வேண்டிய ஒரு நுணுக்கம் இருக்கிறது. இல்லத்தில் இருந்தபோதோ, உங்களிடம் வந்த புதிதிலோ அவள் படித்த பள்ளி உண்மையிலேயே அரசுப் பள்ளிதானா, அல்லது அரசு உதவி பெறும் பள்ளியா? இரண்டையும் நாம் பேச்சு வழக்கில் "கவர்மெண்ட் ஸ்கூல்" என்றே சொல்லிவிடுகிறோம். மாநகராட்சிப் பள்ளி, ஆதிதிராவிடர் நலப் பள்ளி, கள்ளர் சீரமைப்புப் பள்ளி போன்றவை 7.5 சதவீத ஒதுக்கீட்டுக்கு அரசுப் பள்ளிகளாகவே கணக்கில் வரும். உதவி பெறும் பள்ளிகள் வாரா. புதுமைப் பெண் திட்டம் மட்டும் 2024-25 முதல் உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் விரிவாக்கப்பட்டது. ஆறாம் வகுப்பு முதல் அவள் படித்த ஒவ்வொரு பள்ளியிலும் தலைமையாசிரியர் கையொப்பமிட்ட படிப்புச் சான்றிதழை இப்போதே வாங்கி வையுங்கள். பழைய சான்றுகளில் பெற்றோர் பெயர் ஒன்றாகவும், புதிய பிறப்புச் சான்றிதழிலும் ஆதாரிலும் உங்கள் பெயர்களாகவும் இருக்கும். கலந்தாய்வுக்குப் பத்து நாள் இருக்கும்போது இந்த முரண் தெரியவந்தால் அலைச்சல் சொல்லி மாளாது. தத்தெடுப்பு ஆணையின் சான்றிட்ட நகலைக் கொடுத்து, பள்ளியின் எமிஸ் எனும் கணினி வழி மாணவர் தகவல் பதிவில் பெற்றோர் பெயரைத் திருத்தச் சொல்லுங்கள். பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுக்கான பெயர்ப் பட்டியல் இறுதியாகும் முன் இது முடிந்தாக வேண்டும்.

சாதிச் சான்றிதழைப் பற்றியும் ஒரு வார்த்தை. பத்து வயதுக்குள் பெற்றோரை இழந்து, சட்டப்படியோ வழக்கப்படியோ கவனிக்க யாருமின்றி, அரசின் அல்லது அரசு அங்கீகரித்த பள்ளியிலோ இல்லத்திலோ சேர்க்கப்பட்ட ஆதரவற்ற குழந்தைகள் தமிழ்நாட்டின் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இடம்பெற்றுள்ளனர். உங்கள் மகளுக்கு இல்லத்தின் மூலம் அப்படிச் சான்றிதழ் பெறப்பட்டிருக்கலாம். இனி அதே அடிப்படையில் புதிதாகக் கேட்டால், கவனிக்கச் சட்டப்படியே பெற்றோர் இருக்கிறார்களே என்ற ஆட்சேபம் எழும். எனவே பழைய சான்றிதழைப் பத்திரப்படுத்துங்கள். புதியது தேவைப்பட்டால் தத்தெடுப்பு ஆணையை இணைத்து விண்ணப்பியுங்கள். நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். முதல் தலைமுறைப் பட்டதாரிச் சலுகைக்கு இனி உங்கள் குடும்பமே அவள் குடும்பம். உங்கள் இருவரில் ஒருவர் பட்டதாரி என்றாலும் அது கிடைக்காது.

குடும்ப அட்டையில் மகள் பெயரைச் சேர்த்துவிட்டீர்களா? முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்கான ஆண்டு வருமான வரம்பு 1,20,000 ரூபாய். புதிய வருமானச் சான்றிதழ் கைக்கு வந்ததும் மூவருக்குமாகப் பதிவு செய்துவிடுங்கள்.

இனி அண்ணன். பதினெட்டு வயது நிறைந்தவரை இளைஞர் நீதிச் சட்டத்தின்கீழ் தத்தெடுக்க இயலாது. 1956-ஆம் ஆண்டு இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டத்திலோ, வேறு வழக்கம் நிரூபிக்கப்பட்டாலன்றி, பதினைந்து வயது நிறைந்தவரைத் தத்தெடுக்க வழியில்லை. யாரேனும் "பத்திரம் எழுதிப் பதிவு செய்துவிடலாம்" என்று சொல்லிப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். சட்டம் தடுத்ததைப் பதிவு செல்லுபடியாக்காது.

ஆனால் அவன் உங்கள் வீட்டில் வந்து தங்கத் தடை ஏதுமில்லை. அதற்கு முன் அவன் தன் பெயரில் ஒரு விண்ணப்பம் கொடுக்கட்டும். இல்லத்திலிருந்து வெளியேறும் இளைஞருக்கு இருபத்தொரு வயது வரை நிதி உதவி வழங்க அதே சட்டத்தின் 46-ஆம் பிரிவு வழிசெய்கிறது. மிஷன் வாத்சல்யாவில் அதுவும் மாதம் 4,000 ரூபாய். விண்ணப்பத்தில் இல்லக் கண்காணிப்பாளரின் பரிந்துரையும், அவன் சேர விரும்பும் படிப்பு அல்லது தொழிற்பயிற்சியின் விவரமும் இருப்பது நல்லது. இல்லத்தை விட்டு வந்து ஆண்டுகள் ஓடிய பிறகு கேட்பதைவிட, வெளியேறும் தறுவாயில் கேட்பது எளிது. உங்கள் சொத்தில் அவனுக்கும் பங்கு தர எண்ணினால் உயில் எழுதுங்கள். மகளுக்கு உயில் இல்லாமலேயே உரிமை உண்டு, அவனுக்கு உயில் இருந்தால்தான் உண்டு.