நாஜி ஜெர்மனியின் போர்ப் பொருளாதாரம் உண்மையிலேயே வெற்றி பெற்றதா?

இல்லை. "ஹிட்லர் கொடியவர்தான், ஆனால் பொருளாதாரத்தைத் தூக்கி நிறுத்தினார்" என்று இன்றும் சொல்கிறார்கள். 1933 தொடக்கத்தில் சுமார் 60 லட்சம் பேர் வேலையில்லாமல் இருந்தார்கள், 1938க்குள் அந்த நிலை ஏறக்குறைய மறைந்தது என்பதெல்லாம் சரி.

பணம் எங்கிருந்து வந்தது? மத்திய வங்கித் தலைவர் ஷாக்ட், 'மெஃபோ' என்ற பெயரளவு நிறுவனத்தின் பேரில் கடன் பத்திரங்கள் புழங்கவிட்டு, சுமார் 1,200 கோடி மார்க் ஆயுதச் செலவை மறைத்தார். பின்னாளில் செலவைக் குறைக்கச் சொன்ன அவரையே 1939 ஜனவரியில் ஹிட்லர் நீக்கிவிட்டார்.

அதன்பின் வண்டி ஓடியது கொள்ளையில்தான். பிரான்ஸ் மட்டும் 'ஆக்கிரமிப்புச் செலவு' என்று நாளொன்றுக்கு 2 கோடி மார்க் கட்ட வேண்டியிருந்தது. 1944இல், போர்க் கைதிகள் உட்பட 70 லட்சத்துக்கும் அதிகமான வெளிநாட்டவர் ஜெர்மனியில் வேலை செய்தார்கள், பெரும்பாலோர் கட்டாயத்தால். ஹிட்லரின் கட்டடக் கலைஞர் ஷ்பேயர் ஆயுத அமைச்சரானபின் ஆயுத உற்பத்தி உயர்ந்ததை 'அதிசயம்' என்பவர்கள், வி-2 ஏவுகணை செய்த மிட்டெல்பாவ்-டோரா முகாமில் ஆயிரக்கணக்கான கைதிகள் பட்டினியாலும் சித்திரவதையாலும் செத்ததையும் அந்தக் கணக்கில் எழுத வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் எரிபொருள் போதவில்லை. 1944 மே மாதம் முதல் நேச நாடுகள் செயற்கை எரிபொருள் ஆலைகளைக் குண்டு வீசித் தகர்க்க, புதிதாகச் செய்த விமானங்களைப் பறக்கவிடவே பெட்ரோல் இல்லாமல் போனது.