கறுத்துப்போன சிலிகானைச் சுரண்டிவிட்டுத்தான் புதுசு போட வேண்டும்

கேள்வி: வேளச்சேரியில் ஒன்பது வருடப் பழைய ஃப்ளாட் எங்களுடையது. வாஷ்பேசின், ஷவர் கண்ணாடி, பாத்டப் மூன்றின் ஓரத்திலும் சிலிகான் கறுத்து, அங்கங்கே உரிந்து வருகிறது. எவ்வளவு தேய்த்தாலும் கறுப்பு போகவில்லை. பழையதன் மேலேயே இன்னொரு கோடு இழுத்துவிடலாம், இல்லையென்றால் ஒயிட் சிமெண்ட் வைத்து அடைத்துவிடலாம் என்கிறார் பிளம்பர். கீழ் வீட்டு பாத்ரூம் சீலிங்கில் லேசாக ஈரம் தெரிவதாகவும் சொல்கிறார்கள். இதை நாங்களே சரிசெய்ய முடியுமா?

பதில்: தாராளமாக நீங்களே செய்யலாம். பிளம்பர் சொன்ன இரண்டு வழியும் வேண்டாம்.

இறுகிப்போன சிலிகான் மேல் எதுவும் பிடிக்காது. பெயின்ட் பிடிக்காது, புது சிலிகானே பிடிக்காது. மேலே இழுத்த கோடு கொஞ்ச நாள் பளிச்சென்று இருக்கும். அப்புறம் ஓரம் தூக்கும், இரண்டுக்கும் நடுவில் தண்ணீர் புகுந்து தங்கும். ஒயிட் சிமெண்டின் குறை வேறு. அது இறுகினால் துளியும் அசையாது. ஆனால் டப்பில் தண்ணீர் நிரப்பி ஆளும் உட்கார்ந்தால் டப் சற்றே இறங்கும். வெந்நீர் பட்டால் விரியும். பேசினில் கையை ஊன்றும்போது அதுவும் அசையும். இரண்டு வேறு பொருள்கள் சேருகிற இடத்தில் இழுபட்டுத் திரும்பும் ஒன்றுதான் நிற்கும். சுவரும் தரையும் சேரும் மூலையில் கிரவுட் (டைல்ஸ் இடுக்கை நிரப்பும் சிமெண்ட் கலவை) மட்டும் போட்டால் வெடிப்பதும் இதனால்தான்.

அந்தக் கறுப்பு, பூஞ்சை. சோப்பும் உடம்பின் எண்ணெய் அழுக்கும் சிலிகான் மேல் படிய, அதைத் தின்று வளர்கிறது. பாத்ரூமுக்கென்று விற்கும் சிலிகானில் பூஞ்சைத் தடுப்பு மருந்து கலந்திருக்கும். வருடங்கள் போகப் போக அது கரைந்து குறைந்துவிடும். பூஞ்சை உள்ளே இறங்கிவிட்டால் மேலே தேய்த்துப் பயனில்லை. கறுப்பை எடுக்க ஆசிட்டையும் பிளீச்சையும் ஒன்றன்பின் ஒன்றாக ஊற்றுகிறவர்கள் உண்டு. தயவுசெய்து செய்யாதீர்கள். இரண்டும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். ஜன்னல் சின்னதாக இருக்கும் பாத்ரூமில் அது உயிருக்கே ஆபத்து.

இந்த வேலையில் முக்கால் பங்கு பழையதை எடுப்பதுதான். கட்டர் பிளேடால் சிலிகானின் மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் நீளமாகக் கீறிவிட்டு, ஒரு முனையைப் பிடித்து இழுங்கள். பாதி கயிறு போல வந்துவிடும். ஒட்டியிருக்கும் மீதியைச் சுரண்ட வேண்டும். டைல்ஸ், கண்ணாடி, பீங்கான் மேல் பிளேடைப் படுக்கவைத்துச் சுரண்டலாம். டப் அக்ரிலிக்காக இருந்தால் பிளாஸ்டிக் ஸ்கிரேப்பர் மட்டும்தான். தின்னரோ அசிட்டோனோ அதன்மேல் படவே கூடாது, பளபளப்பு போய்விடும். விரலால் தடவிப் பாருங்கள். ரப்பர் மாதிரி வழுக்காமல் பிடித்தால் அங்கே இன்னும் சிலிகான் இருக்கிறது என்று அர்த்தம்.

ஓர் எச்சரிக்கை. கிரானைட்டுக்கு அடியிலிருந்து ஒட்டிய பேசினாக இருந்தால் பிளேடை வைக்கும் முன் கீழே குனிந்து பாருங்கள். கிளாம்ப் இல்லாமல் சிலிகானே அதைத் தாங்கிக்கொண்டிருக்கலாம். கீழே மரச்சட்டம் முட்டுக்கொடுக்காமல் அறுத்தால் பேசின் காலில் விழும்.

போர் தண்ணீர் என்றால் அங்கே வெள்ளையாக உப்புப் படிந்திருக்கும். அதன்மேல் சிலிகான் போட்டால் உப்போடு சேர்ந்து உரிந்து வரும். வினிகரில் நனைத்த துணியைக் கொஞ்ச நேரம் வைத்தால் இளகும். மார்பிள் மேல் மட்டும் வினிகர் கூடாது, கல்லை அரித்துவிடும். அப்புறம் பிளீச் கலந்த தண்ணீரால் இடுக்கைத் துடைத்துப் பூஞ்சையைக் கொல்லுங்கள். வினிகரும் அமிலம்தான், ஆகவே நடுவில் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவியிருக்க வேண்டும்.

பிறகு ஒரு இரவு முழுக்கக் காய விடுங்கள். இங்கே அவசரப்பட்டால் மற்ற உழைப்பெல்லாம் வீண். டைல்ஸ் மேலே காய்ந்தாற்போல் தெரிந்தாலும் இடுக்குக்குள் ஈரம் இருக்கும். மழைக்காலத்தில் செய்யலாமா என்று பலர் கேட்கிறார்கள். செய்யலாம். சிலிகான் காற்றின் ஈரத்தை எடுத்துக்கொண்டுதான் இறுகுகிறது. ஒட்டும் பரப்பு நனைந்திருப்பதுதான் கூடாது. கோடு இழுக்கும் முன் கடைசியாக ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட சுத்தமான துணியால் ஒரு துடைப்பு. பக்கத்தில் நெருப்பு வேண்டாம்.

கடையில் வெறுமனே சிலிகான் என்று கேட்டால் பெரும்பாலும் ஜிபி (ஜெனரல் பர்பஸ், அதாவது பொதுப் பயன்பாட்டு) சிலிகானைக் கொடுப்பார்கள். போடும்போது காடி வாசம் அடிக்கும், ஏனென்றால் இறுகும்போது அசிட்டிக் அமிலம் வெளிவிடும் வகை அது. பீங்கானுக்கும் கண்ணாடிக்கும் அது போதும். மார்பிளை அது அரிக்கும். முகம் பார்க்கும் கண்ணாடியின் பின்பூச்சைக் கெடுக்கும். உங்களுக்கு அந்த அமிலம் வெளிவிடாத நியூட்ரல் வகையில், பூஞ்சைத் தடுப்பு உள்ள சானிட்டரி சிலிகானைச் சொல்வேன். விலை கூடுதல்தான், ஆனால் 280 மில்லி டியூப் ஒன்றே மூலைகளில் ஏறக்குறைய 10 மீட்டர் வரும். டியூப்பின் தேதியைப் பார்த்து வாங்குங்கள். காலாவதியானது எத்தனை நாளானாலும் பிசுபிசுவென்றே இருக்கும், அதைச் சுரண்டுவது பெரும்பாடு.

இடுக்கின் இருபுறமும் மாஸ்கிங் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். டியூப்பின் நாசிலை (முனைக்குழாயை) இடுக்கின் அகலத்துக்கு, சாய்வாக வெட்டுங்கள். டியூப்பை மாட்டி அழுத்தும் சிலிகான் கன்னை ஒரே வேகத்தில், நிறுத்தாமல் நகர்த்துங்கள். உடனே சோப்புத் தண்ணீர் தொட்ட விரலால் ஒரே இழுப்பில் வழித்துவிட்டு, மேலே ஆடை கட்டுவதற்குள் டேப்பை உரித்துவிட வேண்டும். அதற்கு ஐந்து பத்து நிமிடம்தான் கிடைக்கும். அதனால் ஒவ்வொரு பக்கமாக முடித்துக்கொண்டே போங்கள். சென்டிமீட்டர் அளவுக்கு இடைவெளி இருந்தால் முதலில் ஃபோம் கயிறு திணித்துவிட்டு மேலே போடுங்கள்.

டப்பை நிரப்பி வைத்துக்கொண்டுதான் அதன் ஓரத்தில் போட வேண்டும், சிலிகான் இறுகும்வரை தண்ணீரைத் திறந்துவிடக் கூடாது. காலி டப்பில் போட்டால் முதல் குளியலிலேயே டப் இறங்கி, கோடு இழுபட்டுக் கிழியும். ஷவர் கண்ணாடி அலுமினியச் சட்டத்தில் நிற்கிறதென்றால் வெளிப்பக்கம் மட்டும் போடுங்கள். சட்டத்துக்குள் புகுந்த தண்ணீர் உட்பக்கமாக வடிந்து வர வழி வேண்டும்.

சிலிகான் நாளொன்றுக்கு 2, 3 மில்லிமீட்டர் ஆழம்தான் இறுகும். தொட்டால் ஒட்டவில்லை என்று நம்பிக் குளித்துவிடாதீர்கள். ஒரு முழு நாளாவது, கோடு தடிமனாக இருந்தால் இரண்டு நாள், அந்த பாத்ரூமைப் பூட்டி வையுங்கள்.

கீழ் வீட்டு ஈரத்துக்கு வருவோம். அது சிலிகானால்தான் என்று இப்போதே முடிவு செய்யாதீர்கள். பழையதைச் சுரண்டும் முன்பே சோதித்துவிடுவது நல்லது. கீழ் வீட்டுக்காரரிடம் சொல்லி, ஈரத்தின் விளிம்பில் பென்சிலால் கோடு போட்டு வையுங்கள். இரண்டு நாள் பாத்ரூமைப் பயன்படுத்தாமல் விடுங்கள். அப்போதும் ஈரம் பரவினால் சுவருக்குள் போகும் குழாயைச் சந்தேகிக்கலாம். பரவாவிட்டால் தரை ஓட்டையைத் துணியால் அடைத்து, வாசல் தாண்டாத அளவுக்கு ஒரு நாள் தண்ணீர் நிறுத்துங்கள். அதில் ஈரம் கூடினால் தரையின் வாட்டர்புரூஃபிங்கோ நஹானி ட்ராப் (தரை ஓட்டைக்கு அடியில் இருக்கும் வடிகால் கிண்ணம்) இணைப்போ போயிருக்கிறது; சிலிகானால் அது தீராது. அதிலும் ஒன்றுமில்லை, ஷவர் தண்ணீர் சுவர் ஓரத்தில் அடிக்கும்போது மட்டும் ஈரம் கூடுகிறதென்றால் இந்த வேலை பலன் தரும்.

நம் ஃப்ளாட்டுகளில் பாத்ரூம் தளத்தைப் பள்ளமாக இறக்கி, உடைகல் கொட்டி நிரப்பியிருப்பார்கள். கசிந்த தண்ணீர் அதற்குள்ளேயே தேங்கி நிற்கும். கசிவை அடைத்த பிறகும் சீலிங் காயப் பல வாரம் ஆகலாம் என்று கீழ் வீட்டுக்காரரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். பென்சில் கோட்டுக்குள் ஈரம் சுருங்கி, சுண்ணாம்பு முழுக்கக் காய்ந்த பிறகு அவர் பெயின்ட் அடித்துக்கொள்ளட்டும்.