8-ஆம் ஆர்டர் பேண்ட்பாஸ் போட்டதும் வெளியீடு ஏன் இன்ஃபினிட்டிக்கு ஓடுகிறது?

பினாங்கின் பாயான் லெப்பாஸ் அடுக்குமாடியின் அதிர்வை நொடிக்கு 1000 மாதிரியாக எடுத்திருக்கிறீர்கள். 0.5–10 ஹெர்ட்ஸை மட்டும் விடும் பேண்ட்பாஸ் வடிகட்டிக்கு, பைதானின் அறிவியல் நூலகமான சைப்பையின் 'பட்டர்' தந்த பி, ஏ கெழுக்களை (தொகுதி, பகுதிப் பல்லுறுப்புக்கோவைகளின் எண்கள்) 'எல்ஃபில்டர்' வழியாக ஓட்டியிருக்கிறீர்கள். சென்சாரைச் சந்தேகிக்க வேண்டாம். கெழுக்களை வைத்திருக்கும் வடிவம்தான் கோளாறு.

பேண்ட்பாஸுக்கு 8 என்று கொடுத்தால் 16 துருவங்கள் வரும். இவை 'ஏ' பல்லுறுப்புக்கோவையின் மூலங்கள், அலகு வட்டத்துக்குள் இருந்தால்தான் வெளியீடு அடங்கும். இந்த மாதிரி வேகத்தில் 10 ஹெர்ட்ஸ், அலகு வட்டத்தின் 1 என்ற புள்ளியிலிருந்து 0.063 தூரம்தான், 0.5 ஹெர்ட்ஸோ 0.003. அத்தனை துருவங்களும் அந்த மூலைக்குள் நெருக்கியடித்து நிற்கின்றன. அவற்றை ஒரே பல்லுறுப்புக்கோவையாக விரித்தால், கெழுவின் கடைசி இலக்கப் பிழை (டபுளில் 2.2×10⁻¹⁶) துருவங்களை ஏறத்தாழ அதன் 16-ஆம் மூலம் அளவுக்கு நகர்த்திவிடும். அதாவது 0.1! சில துருவங்கள் வட்டத்தைத் தாண்டிவிடும், அப்புறம் எண்கள் பெருகிக்கொண்டே போகும். இரண்டிரண்டு துருவமாகப் பிரித்த பைகுவாட் துண்டுகளில் (இந்த வடிவத்தின் பெயர்தான் எஸ்ஓஎஸ்) அதே பிழை 10⁻⁸ அளவில் நின்றுவிடும்.

ஆகவே 'பட்டரில்' அவுட்புட்டை 'எஸ்ஓஎஸ்' என்று கேளுங்கள், 'எஸ்ஓஎஸ்ஃபில்ட்' கொண்டு ஓட்டுங்கள். பி, ஏ வாங்கி அதைப் பிறகு எஸ்ஓஎஸ்-ஆக மாற்றுவதில் பயனில்லை. விரிக்கும்போதே சேதம் நடந்துவிட்டது. சராசரியைக் கழித்துவிட்டு, 'எஸ்ஓஎஸ்ஃபில்ட்_இசட்ஐ' தரும் மதிப்பை முதல் மாதிரியால் பெருக்கித் தொடக்க நிலையாகக் கொடுங்கள். தரவைத் துண்டுதுண்டாக ஓட்டினால் ஒவ்வொரு தரவுத் துண்டின் இறுதி நிலையும் அடுத்ததற்குப் போகவேண்டும். முன்னும் பின்னும் ஓட்டும் 'எஸ்ஓஎஸ்ஃபில்ட்ஃபில்ட்' என்றால் வெட்டு அதிர்வெண்ணில் 3 அல்ல, 6 டெசிபெல் குறையும். உண்மையில் இந்த வேலைக்கு 4-ஆம் ஆர்டரே போதும்.

இன்னும் நல்லது, முதலில் நொடிக்கு 100 மாதிரிக்கு இறக்கிவிடுவது. துருவங்களுக்கு 10 மடங்கு இடம் கிடைக்கும். 50 மாதிரிக்கு மட்டும் இறங்காதீர்கள்: நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், இறக்குமுன் உயர் அதிர்வெண்களை வெட்டப் போடும் லோபாஸ் வடிகட்டியில் தப்பிய மிச்சம் மடிந்து 0 ஹெர்ட்ஸ் பக்கம் வந்து உட்காரும். பார்ப்பதற்குக் கட்டடம் மெல்ல ஆடுவதுபோலவே இருக்கும்.

பிறகு இதையே மைக்ரோகண்ட்ரோலரில் 32 பிட் ஃப்ளோட்டில் ஓட்டுவதானால் இறக்குவது கட்டாயம். அங்கே ஆர்ம் சிப்களுக்கான சிஎம்சிஸ் நூலகத்தின் பைகுவாடுக்கு ஏ1, ஏ2 கெழுக்கள் இரண்டையும் குறி மாற்றித்தான் கொடுக்கவேண்டும். சைப்பை தந்ததை அப்படியே ஒட்டினால் மறுபடியும் இன்ஃபினிட்டிதான்.